கியர் பாக்ஸைப் பிடித்திருந்தவன் சல்யூட் அடிக்கவில்லை

பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் தாண்டியவன் நான். பட்டாளத்தில் வண்டி மெக்கானிக். சட்டைக் கையில் ஒற்றைப் பட்டை ஏறியிருக்கிறது. என் அக்கா வீட்டுக்காரருக்கு இதிலெல்லாம் மரியாதை கிடையாது. ராசிபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நாமக்கல் ரோட்டோரமாக லாரி பட்டறை வைத்திருக்கிறார் மச்சான். நான் லீவில் வந்து அந்தப் பக்கம் தலைகாட்டினால் போதும், வந்திருக்கும் லாரிக்காரர்களிடம் ஆரம்பித்துவிடுவார்.

"நம்ம மாப்ளைங்க. மிலிட்டிரில சல்யூட் அடிக்கிற வேலை. நடுநடுவுல ஸ்பானரும் புடிப்பானாட்ட இருக்குது."

"ஆமாங்க. எங்க மச்சானும் நடுநடுவுல ரிப்பேர் பாப்பாருங்க. மத்த நேரமெல்லாம் டீக்கடைதானுங்க" என்பேன்.

சிரித்துக்கொண்டேதான் சொல்வேன். ஆனால் அந்தச் 'சல்யூட் அடிக்கிற வேலை' மட்டும் உள்ளே எங்கேயோ உறுத்தும்.

ஒரு மாசி மாதம் எங்கள் வண்டி வரிசை தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தது. மெக்கானிக் எப்போதும் கடைசி லாரியில்தான் வருவான். நாமக்கல்லைத் தாண்டியதும் அந்தக் கடைசி லாரிக்கே கிளட்ச் பிளேட் கருகிப்போய்விட்டது. அடுத்தவன் வண்டிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவன் நடுரோட்டில் படுத்துக்கொண்டால் எப்படி இருக்கும்? முன்னால் போனவர்கள் எல்லாம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.

வரிசைக்குப் பொறுப்பான கர்னல் போனில் வந்தார். ராசிபுரத்தைத் தாண்டி ஒரு மைதானத்தில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. நான்கு மணிக்குப் புறப்பாடு. அதற்குள் ஆகாவிட்டால் லாரியைக் கட்டி இழுத்துப் போய்ச் சேலத்தில் விட்டுவிடலாம் என்றார்.

"வேண்டாம் சாப். இது என் ஊர். புது பிளேட் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஜாக்கும் நாலு கையும் கிடைத்தால் நான்கு மணிக்கு வண்டி வரிசையில் நிற்கும்" என்று இந்தியில் அளந்துவிட்டேன்.

"நான்கு மணி. சொன்னது சொன்னதாக இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கர்னல் போனை வைத்துவிட்டார். அதுவரைக்கும் ஒரு வேலையை என்னை மட்டும் நம்பி யாரும் விட்டதில்லை.

எங்களுக்கு முன்னால் போன லாரியைத் திரும்ப வரவழைத்து, அதில் கட்டி இழுத்து மச்சான் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். மச்சான், அவரிடம் வேலை பார்க்கும் மேச்சேரிக்காரர், எங்கள் டிரைவர், நான், ஆக நாலு பேர். பழைய பிளேட்டைக் கழற்றுவதற்கே மணி இரண்டாகிவிட்டது. வேலைக்கு நடுவில் மச்சான் கேட்டார்.

"ஏன் மாப்ள, உங்க பெரிய ஆபீசரு இங்க வருவாரா?"

"வந்தாலும் வருவாருங்க."

"வந்தா நாங்க என்ன பண்ணோணும்?"

நான் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன். "கையில எது இருந்தாலும் போட்டுட்டு வெறப்பா நிக்கோணுங்க மச்சான். கண்ணச் சிமிட்டுனா ஜீப்புல ஏத்திருவாங்க. அப்பறம் அக்கா அங்க வந்துதான் உங்களுக்குச் சோறு போடோணும்."

மேச்சேரிக்காரர் அப்போதே ஒரு தடவை விறைப்பாக நின்று பார்த்துக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் பட்டாளத்துப் பட்டறையில் சட்டமே இதற்கு நேர் எதிர். எவ்வளவு பெரிய அதிகாரி உள்ளே வந்தாலும் கையில் வேலை இருப்பவன் எழுந்திருக்கக் கூடாது. பொறுப்பில் இருப்பவர் ஒருவர் மட்டும் போய் சல்யூட் அடித்து, இன்ன வேலை நடக்கிறது என்று சொல்வார். மற்றவர்கள் தலையைக்கூடத் தூக்க வேண்டியதில்லை. கர்னல் வரவே மாட்டார் என்ற தைரியத்தில்தான் கயிறு திரித்தேன்.

மூன்று மணிக்குப் புது பிளேட் ஏறியது. அடுத்து கியர் பாக்ஸை மேலே தூக்கி, அதன் ஷாஃப்டை பிளேட்டின் நடு ஓட்டைக்குள் பல்லோடு பல் பொருந்த நுழைக்க வேண்டும். நான் அடியில் மல்லாந்து படுத்து வழிகாட்டினேன். டிரைவர் ஜாக்கைப் பிடித்திருந்தான். மச்சான் கடப்பாரையால் பின்பக்கத்தைத் தாங்கினார். மேச்சேரிக்காரர் பக்கவாட்டில் அணைத்திருந்தார். பாதி நுழைந்த நிலையில் யாராவது கையை எடுத்தால் அத்தனை பாரமும் ஷாஃப்டில் தொங்கும். பிளேட் வளைந்துவிடும். வேறு பிளேட் கிடையாது.

சரியாகப் பாதி நுழைந்தபோது வாசலில் ஜீப் நின்றது. பளபளவென்று பழுப்பு நிற பூட்ஸ் இரண்டு இறங்கி உள்ளே வந்தன. நான் படுத்திருந்த இடத்திலிருந்து பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. அதுவே போதும், எங்கள் வரிசையில் பழுப்பு பூட்ஸ் போடுகிறவர் கர்னல் ஒருவர்தான்.

'டங்' என்று கடப்பாரை தரையில் விழுந்தது. மச்சானின் இரண்டு செருப்பும் ஒட்டிக்கொண்டு நின்றன. பக்கத்தில் மேச்சேரிக்காரரின் கால்களும் அப்படியே. கியர் பாக்ஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

இரண்டு முழங்காலையும் மடக்கி அடியில் கொடுத்து, இரண்டு கையாலும் முட்டுக்கொடுத்தேன். பொறுப்பில் இருப்பவன் நான். எழுந்து போய் சல்யூட் அடிக்க வேண்டியவனும் நான்தான். போனால் பிளேட் போய்விடும். அந்த ஒரு நொடியில் சட்டத்தின் எந்தப் பாதியைப் பிடிப்பது என்று யோசிக்கவெல்லாம் நேரமில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"மச்சான்! கடப்பாரைய எடுங்க! யாரும் நிக்க வேண்டாமுங்க! புடிங்க!"

"ஆபீசரு மாப்ள..." மச்சான் உதட்டை அசைக்காமல் பேசினார்.

"அவரு கெடக்கறாரு, நீங்க புடிங்க!"

பூட்ஸ் ஒரு கணம் அசையவில்லை. பிறகு மேலிருந்து கர்னலின் குரல் வந்தது. "காம் சாலு ரக்கோ." வேலையை நிறுத்தாதே என்று அர்த்தம். அது புரியாமல் மச்சான் இன்னும் அப்படியே நின்றார். கர்னல் அதைப் பார்த்திருக்க வேண்டும். பூட்ஸ் அப்படியே திரும்பிப் பட்டறையை விட்டு வெளியே போயிற்று. கூரை நிழலையும் தாண்டி நட்டநடு வெயிலில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றது.

அதன் பிறகுதான் மச்சானுக்கும் மேச்சேரிக்காரருக்கும் கை வந்தது. கடப்பாரை ஏறியது, டிரைவர் ஜாக்கை ஒரு மிதி மிதித்தான், நான் சாய்வைத் திருத்தினேன். ஷாஃப்ட் 'களுக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. பிளேட் வளையவில்லை. போல்ட் அத்தனையும் முறுக்கி, டிரைவர் வண்டியைக் கிளப்பி கிளட்சை மிதித்துப் பார்க்கும் வரைக்கும் கர்னல் திரும்பிப் பார்க்கவே இல்லை. சுற்றிலும் ஒரு மரம்கூட இல்லாத இடம் அது.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலுக்குப் போனேன். என் உடம்பில் கிரீஸ் படாத இடம் தொப்பி மட்டும்தான். அடித்த சல்யூட் நாமக்கல் வரைக்கும் கேட்டிருக்கும். "லாரி தயார் சாப். மணி மூன்று ஐம்பது."

அவர் சல்யூட்டை வாங்கிக்கொண்டு கேட்டார். "அவர்கள் ஏன் கையை எடுத்தார்கள்? யார் சொன்னது?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் கூசியது. "நான்தான் சாப். விளையாட்டாகச் சொன்னேன்."

"பிளேட் போயிருந்தால்?"

"நான் கொடுத்த வாக்கும் போயிருக்கும் சாப்."

"அப்படியானால் சரியான சட்டத்தை இப்போதே அவர்களிடம் சொல். உன் மொழியில். நான் கேட்க வேண்டும்."

மச்சானுக்கும் மேச்சேரிக்காரருக்கும் முன்னால் நின்று, வேலை செய்பவன் யாருக்காகவும் எழுந்திருக்கக் கூடாது என்பதுதான் எங்கள் பட்டறைச் சட்டம் என்று சொன்னேன். கர்னலுக்குத் தமிழ் தெரியாது. மச்சான் முகம் மாறிய விதத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

"அந்தப் பெரிய ஆபீசரே வந்தாலுமா?" என்றார் மச்சான்.

"யார் வந்தாலுமுங்க."

"அப்பறம் எதுக்குடா எங்கள மரமாட்ட நிக்க வெச்ச, எடுபட்ட பயலே?" என்று கையை ஓங்கியவர், பாதியிலேயே நிறுத்திவிட்டு வெயிலில் நின்ற கர்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அத்தன பெரிய மனுசன் நீ வேல முடிக்கட்டும்னு வெளிய போயி நின்னாரேடா" என்றார். குரலில் கிண்டல் இல்லை. மச்சான் என்னிடம் கிண்டல் இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

"நேரமாச்சுங்க மச்சான். வாரேனுங்க" என்று வண்டியில் ஏறிவிட்டேன்.

கர்னலின் ஜீப் முன்னால் போக, நாங்கள் பின்னால் போனோம். டிரைவர் ஒவ்வொரு கியராக மாற்றிப் பார்த்தான். எதுவும் முரண்டு பிடிக்கவில்லை. மைதானத்தில் எல்லா வண்டிகளும் எஞ்சினைப் போட்டுத் தயாராக நின்றன. வரிசைக் கடைசியில் ஒரு லாரி நிற்கும் அளவுக்கு இடம் விட்டு வைத்திருந்தார்கள். அதில் கொண்டுபோய் நிறுத்தினோம்.