காட்டுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

மாடிப்படி, மாத்திரை, வாசலில் கிடக்கும் செருப்பு என்று எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவேன். வீட்டில் இதை வயதின் கோளாறு என்கிறார்கள். இல்லை. இது பதினோரு வயதில், கொள்ளிடக் கரையில், அவமானத்தில் தொடங்கிய பழக்கம்.

எழுபதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கரையை ஒட்டி ஒரு பழங்காடு இருந்தது. மருதமும் இலுப்பையும் மகிழமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். நடுவில் கூரையில்லாத ஒரு வனத்தம்மன். ஊர்ப் பூங்காக்களோடு அந்தக் காட்டையும் கவனிக்கும் உத்தியோகம் அப்பாவுக்கு வந்தது. வந்ததும் அவர் செய்த முதல் காரியம், காட்டைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டதுதான். ஒரு இரும்புக் கதவு, ஒரு பூட்டு, ‘அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்’ என்று ஒரு போர்டு. காட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது என்று நான் ஸ்கூலில் எல்லோரிடமும் சொன்னேன்.

காட்டை ஒட்டிய தெருக்காரர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஐப்பசி மழையில் மண் இளகியதும் வீட்டுக்கு ஒருவராக உள்ளே போய், புதிதாக முளைத்த வேலிகாத்தான் என்னும் சீமைக்கருவேல முட்கன்றுகளைக் கையாலேயே வேரோடு பிடுங்கிப் போடுவார்கள். அம்மன் எல்லைக்குள் இரும்பு போகக் கூடாது. அப்பாவுக்கு அது ஏதோ சாமி காரியமாகத் தெரிந்ததே தவிர, வேலையாகத் தெரியவில்லை. பூட்டு விழுந்த பிறகு யாரும் போகவில்லை. இரண்டு மழைக்காலம் போனது. மகிழங்கன்றுகள் நின்ற இடமெல்லாம் முள் மண்டிவிட்டது. கூலியாட்களை விட்டு வெட்டினார்கள். வெட்ட வெட்ட முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்தது.

மேலதிகாரி வந்து பார்த்தார். இந்த மழை முடிவதற்குள் முள் ஒழியாவிட்டால் எல்லாவற்றையும் புல்டோசர் வைத்துத் தள்ளிவிட்டுத் தைலமரம் நட்டுவிடலாம் என்று சொல்லிப் போனார். அப்பாவுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

“முள்ளு புடுங்க அந்தத் தெருவையே வெத்தலபாக்கு வச்சு அழைக்கணும் போலிருக்கு!” என்று அம்மா அலுத்துக்கொண்டாள்.

அப்பா மறுநாள் அப்படியே செய்தார். அம்மா வர மறுத்துவிட்டதால் குங்குமச் சிமிழ் என் கைக்கு வந்தது. அதன் மூடி சரியாக மூடாது. கல்யாணத்துக்கு அழைப்பதுபோல் தட்டோடு வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். மூன்றாவது வீடு என் வகுப்பில் படித்தவனுடையது. பூ விற்கும் அவன் அம்மா வாசலில் சரம் கட்டிக்கொண்டிருந்தாள். நாரைக் கீழே வைக்கவில்லை.

“என்ன சார், வீட்டுல விசேஷமா?”

“இல்லம்மா. காட்டுல முள்ளு மண்டிப்போச்சு. ஞாயித்துக்கிழமை நீங்கல்லாம் வந்தீங்கன்னா...”

“வேலி போடறப்ப ஒரு வார்த்தை கேக்கல. முள்ளு புடுங்க மட்டும் வெத்தலபாக்கா?”

எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் விடவில்லை. “உள்ள வந்தா தண்டிப்போம்னு போர்டு வச்சிருக்கீங்களாமே. எம்புள்ள படிச்சுச் சொன்னான்.”

“தப்புதாம்மா. தெரியாம செஞ்சுட்டேன்” என்றார் அப்பா. ஆபீசில் பத்துப் பேரை நிற்கவைத்துப் பேசுகிறவர்.

என் வகுப்புக்காரன் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். “சாவி எங்கடா?” என்றான்.

நான் நிமிரவில்லை. அவள் கட்டிய சரத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணத் தொடங்கினேன். தட்டை அவள் தொடவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அப்பா முதல் வேலையாகப் போர்டைக் கழற்றினார். கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். வெயில் ஏறியது. யாரும் வரக் கூடாது என்று நான் அந்த வனத்தம்மனையே வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம். அதற்கு மேல் எனக்கு யோசனை ஓடவில்லை. காடு அழிந்தால் அழியட்டும்.

வந்தார்கள். பூக்காரம்மா முதலில், பின்னால் தெருவே. முப்பத்தேழு வரை எண்ணினேன். கன்றுகள் இரண்டு வயதாகி வேர் இறங்கியிருந்ததால் கயிறு கட்டி நாலு பேர் இழுக்க வேண்டியிருந்தது. அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கயிற்றைப் பிடித்தார். “சார், சும்மா புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க, இழுங்க!” என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. அவர் மகன் என்று யாரும் என்னைக் காட்டிவிடக் கூடாதென்று நான் கரைமேல் ஏறிப்போய், பாலத்தில் போன ரயில்களின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்து, முள்ளெல்லாம் வேரோடு குவிந்தபோது பூக்காரம்மா ஒரு தட்டோடு அப்பாவிடம் வந்தாள். அதிலும் வெற்றிலை பாக்கு.

“அடுத்த ஐப்பசிக்கு நாங்க அழைக்கிறோம், சார். கட்டாயம் வந்துடணும்.”

அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும் வழியில் எனக்குக் கோபம் பொங்கியது. “நம்ம காட்டுக்கு நம்மளையே அழைக்க அவங்க யாருப்பா?” என்றேன்.

அப்பா உள்ளங்கையில் தைத்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருந்தார். அதைத் துப்பிவிட்டு நடையை எட்டிப் போட்டார். அவர் பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வீடு வரும்வரை பத்தடி பின்தங்கியே நடந்தேன்.