பெயரில்லாத கட்டத்தில் ஒரு சிலுவை

கனடாவில், இல்-பிசார் என்ற இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் வீட்டை நானும் மச்சாளும் வாரத்தில் ஒருநாள் போய்த் துப்புரவாக்குவோம். மச்சாள் என் வீட்டுக்காரரின் தங்கை. அகதியாக வந்து கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரே வீட்டில் இருந்தோம். மச்சாளுக்கு ஆங்கிலம் ஓடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு சொல் விளங்கும், திருப்பிச் சொல்ல வெட்கம்.

அந்த அம்மாவின் சாப்பாட்டு மேசையில் நாங்கள் கை வைப்பதில்லை. அதில் எப்போதும் ஒரு பெரிய தாள் விரிந்து கிடக்கும். அமெரிக்கா இங்கிலாந்து அரசனின் கீழ் இருந்த காலத்தில் கப்பலேறிப் போய், காடு வெட்டிக் கமம் செய்த ஒருவர்தான் அவருடைய மூதாதை. அந்த மனிதரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று தேடித் தேடிக் கட்டம் கட்டமாக எழுதி வந்தார். அங்கே சண்டை மூண்டு அரசன் தோற்றதும், அரசன் பக்கம் நின்ற பேரன்மார் காணி பூமியை விட்டுக் கனடாவுக்கு ஓடி வந்தார்களாம்.

“அப்ப இவையும் எங்களைப்போல அகதியள்தான். வீடு மட்டும் பெரிசு,” என்று மச்சாள் சிரிப்பார்.

ஒருநாள் மச்சாள் பேஸ்மெண்டில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, புதுத் தாள் ஒன்றை எடுத்தார். என் வம்சத்தையும் எழுதித் தரப் போகிறாராம். அப்பாவின் பெயரைக் கேட்டார், சொன்னேன். அம்மாவின் பெயரையும் சொன்னேன். பிறகு, “ஹஸ்பண்ட்?” என்றார்.

கட்டிய நாளிலிருந்து அவருடைய பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதில்லை. அதற்கு மேலே, ஊரில் சந்தியில் வைத்து ஆமி அவரைப் பிடித்துக்கொண்டு போன பின் ஒரு தகவலும் இல்லை. தலையைக் குனிந்தேன். கண் கலங்கிவிட்டது. அந்த அம்மா என் கையைத் தடவிவிட்டு ஒரு கட்டம் போட்டார். உள்ளே பெயர் இல்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவை. செத்துப்போன தன் ஆட்களுக்கு அவர் போடுகிற அடையாளம் அது. என் நெற்றியில் குங்குமம் இருந்தது. அதைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

“மச்சாள், ஓடி வாங்கோ!” என்று கத்தினேன்.

ஈரக் கையோடு வந்து தாளைப் பார்த்தார்.

“அண்ணையின்ர பேரை நீங்கள் சொல்லேல்லையோ?”

“எப்பிடிச் சொல்லுறது?”

“நல்ல கூத்து! உங்கட வெக்கத்தாலை மனுசனைச் சாகடிச்சுப் போட்டியளே.”

பிறகு என் முகத்தைப் பாராமல் மெதுவாகச் சொன்னார்: “இந்த வெள்ளைக்கார மனுசியிலை பிழையில்லை. நானும் சிலவேளை அப்பிடித்தான் நினைக்கிறனான்.”

அதுவரை நான் மச்சாளை எதிர்த்துக் கதைத்ததில்லை.

“நினையாதேங்கோ,” என்றேன். “அந்தச் சிலுவையை அழிக்கச் சொல்லுங்கோ.”

மச்சாள் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, சிலுவையை றப்பரால் அழித்தார். பெயரை எழுதப் பென்சிலைப் பிடித்தபடி மச்சாளைப் பார்த்தார். மச்சாள் வாயெடுக்க, நான் அவருடைய கையைப் பிடித்து நிறுத்தினேன்.

நானே சொன்னேன். முதல் தரம் குரல் வெளியே வரவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னேன், அடுத்த அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற மாதிரி.