போயாவை நகர்த்தியவன்

சர்வே வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதுதான்: எல்லைக்கல் தானாக நடக்காது, யாராவது நடத்தினால்தான் நடக்கும். பாறசாலை, குன்னத்துகால், ஆரியங்கோடு பக்கமெல்லாம் முப்பது வருடத்துக்கு மேல் செயினும் காம்பஸுமாக அலைந்தவன் நான். மரச்சீனிக் கிழங்கு நட்ட விளை நிலத்தில் கல்லை ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, மேலே சருகை வாரிப் போட்டுவிட்டு, "பண்டு முதலே இஞ்சதான் சாறே கிடக்கு" என்று தலையிலடித்துச் சத்தியம் செய்தவர்களை எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அதனால் யார் என்ன சொன்னாலும் முதலில் நம்பாமல் இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. "நிங்களுக்கு நான் தேங்கா திருவினது அரை முறியா முழு முறியான்னும் அளந்து பாக்கணும்" என்பாள் என் மனைவி. அளந்தும் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பழக்கம் என்னை ஒரு தடவை நன்றாகக் கவிழ்த்தது. அது நிலத்தில் இல்லை, பூவார் கடலில்.

1. ஏழு நாள் லீவு

தொண்ணூறுகளின் நடுவில், கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, எங்கள் பக்கத்து இளைஞர் சங்கம் ஒன்று பூவாரில் கடல் நீச்சல் பந்தயம் வைத்தது. சங்கத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் என் ஆபீசுக்கே வந்து, "சாறு அளந்து தந்தா பின்னே ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

பாதை இப்படி. கடற்கரையில் சிலுவை நிற்கும் சின்னக் கோயிலான குருசடியின் எதிரே தொடக்கம். அங்கிருந்து நேராக முந்நூறு மீட்டர் கடலுக்குள் போனால் ஒரு மிதவை, போயா என்போம். அதைச் சுற்றித் திரும்பி, கரையோடு இணையாகத் தெற்கே எழுநூறு மீட்டர் போனால் இன்னொரு போயா. நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகத்துக்குக் கொஞ்சம் வடக்கே அது மிதக்கும். அதைச் சுற்றிவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டும். போயா என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆரஞ்சு பெயின்ட் அடித்த டீசல் பீப்பாய். அடியில் நங்கூரமாக மணல் சாக்கு.

போயா போடுவதும் காவல் படகு ஓட்டுவதும் லாரன்ஸ் என்ற மீன்பிடிக்காரரின் பொறுப்பு. நாற்பது வயது, பேச்சு குறைவு. அவருடைய தங்கை ஸ்டெல்லாவும் பந்தயத்தில் நீந்துகிறாள் என்று முதல் நாளே தெரிந்தது. ஆண்களிலும் பெண்களிலும் முதல் இரண்டு பேரை மாநில அணித் தேர்வுக்கு அனுப்புவார்கள். வயது வரம்பின்படி ஸ்டெல்லாவுக்கு அது கடைசி வருடம். போயா போடுகிறவனின் தங்கையே போட்டியில்! விளை அளக்கப் போன இடத்தில் கக்ஷிக்காரனே செயினின் மறுமுனையைப் பிடித்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

2. காணாமல் போன குற்றி

ஞாயிற்றுக்கிழமை அளந்தேன். குருசடிப் போயாவுக்குக் குருசடியே அடையாளம், அசையாது. அங்கிருந்து கரையோடு எழுநூறு மீட்டர் செயின் பிடித்தபோது பொழிமுனைக்கு வந்து சேர்ந்தேன். வெறும் மணல்திட்டு, ஒரு புல்லுகூடக் கிடையாது. ஆற்றுவாயின் மணல் விளிம்பிலிருந்து வடக்கே பத்துத் தப்படியில் ஒரு மரக்குற்றி அடித்தேன். அந்தக் குற்றியிலிருந்து காம்பஸில் இருநூற்று இருபத்தைந்து டிகிரியில் பொழிப் போயாவை நிறுத்தச் சொன்னேன். லாரன்ஸ் நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலையில் போனால் குற்றி இல்லை. யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிடுங்குகிற ஜாதியை எனக்குத் தெரியாதா? விளிம்பிலிருந்து மறுபடியும் பத்துத் தப்படி நடந்து அங்கே நின்று காம்பஸ் பிடித்தேன். போயா மூன்று டிகிரி தெற்கே, பொழிப் பக்கம், தள்ளியிருந்தது. கணக்குப் போட்டால் பதினைந்து மீட்டர்.

ஆற்று நீர் கடலில் பாயும் இடத்தில் ஓர் இழுப்பு உண்டு. வெளியூர்க்காரர்கள் அதில் மாட்டித் திணறுவார்கள். அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்த ஸ்டெல்லாவுக்கு அது வீட்டு முற்றம். போயா பொழியை நெருங்கினால் யாருக்கு லாபம் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் கையிலேயே இருந்தது.

"லாரன்சே, போயா நகர்ந்திருக்கு. வடக்கே இழு" என்றேன்.

"நகர்ந்திருக்கா?" அவர் பீப்பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கரையில் நின்ற தங்கையைப் பார்த்தார். "சாறு சொன்னா சரி."

அந்தப் பார்வையையும் நான் குறித்துக்கொண்டேன்.

இனிக் குற்றி அடிப்பதில்லை என்று முடிவு செய்தேன். விளிம்பிலிருந்து பத்துத் தப்படி என்ற அடையாளத்தை யாரிடமும் சொல்லவில்லை, நோட்டில்கூட எழுதவில்லை. தெரிந்தால்தானே கைவைப்பான்!

3. நாலு நாள், நாலு தடவை

செவ்வாயும் அதே கதை. போயா மறுபடியும் பொழிப் பக்கம். புதனும் அப்படி. வியாழக்கிழமை பீப்பாயில் புதுக் கயிறு, புது முடிச்சு.

"இது என்ன லாரன்சே, புதுக் கயிறு?"

"பழசு உரசி நைஞ்சு போச்சு சாறே. மாற்றினேன்."

எப்படிச் சட்டென்று பதில் வருகிறது பாருங்கள் என்று நினைத்துக்கொண்டேன். நாலு தடவையும் போயாவை வடக்கே இழுக்க வைத்தேன். நாலு தடவையும் அவர் வாயைத் திறக்காமல் இழுத்தார். தப்பு செய்யாதவன் ஒரு தடவையாவது சண்டை போட்டிருக்க மாட்டானா? ஸ்டெல்லா தினமும் விடியற்காலையில் இரண்டு போயாவுக்கும் இடையில் போய்வந்து நீந்திவிட்டு, கரையேறியதும் அண்ணன் காதில் ஏதோ சொல்வாள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

வியாழன் சாயங்காலம் டாக்டரிடம் ஒரு கடிதம் கொடுத்தேன். போயாவைத் தங்கைக்காக நகர்த்துகிறார், அவரைப் படகிலிருந்து மாற்ற வேண்டும், தங்கையின் பெயரையும் நீக்க வேண்டும் என்று கைப்பட எழுதி, பதவியின் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். டாக்டர் படித்துவிட்டுப் பட்டியலில் ஸ்டெல்லாவின் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். அன்று ராத்திரி எனக்கு நல்ல உறக்கம் வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

4. எண்ணூற்று இருபது

வெள்ளிக்கிழமை காலை குருசடிக்குப் பக்கத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் அண்ணனையும் தங்கையையும் டாக்டர் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். லாரன்ஸ் முகம் கறுத்து நின்றார். ஸ்டெல்லா மட்டும் நேராக என்னிடம் வந்தாள். முடி நனைந்திருந்தது, அப்போதுதான் நீந்தி முடித்திருந்தாள்.

"சாறு எஞ்ச நின்னாக்கும் பாத்தது?"

"அதைச் சொல்ல முடியாது" என்றேன்.

"பின்னே நான் சொல்லுகேன், கேளுங்க. நான் நீந்தும்ப வலது கையை எண்ணுவேன். ஒரு போயாவுல இருந்து மற்ற போயாவுக்குப் போறதும் வாறதும் கூட்டி, ஞாயிற்றுக்கிழமை எண்ணூற்றி இருவது. திங்களுக்குப் பிறகு குறைஞ்சு குறைஞ்சு, இன்னைக்கு எழுநூற்றி ஐம்பத்தஞ்சு. அஞ்சு நாளுல எனக்கு அவ்வளவு பெலம் வந்துதா, இல்லே கடல் சின்னதாச்சா?"

"நீரோட்டம் தள்ளியிருக்கும்" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"அதுக்காக்கும் போறதையும் வாறதையும் கூட்டுகது. ஒரு பக்கம் தள்ளினா மறுபக்கம் தடுக்கும்லா? தூரம் குறையுது சாறே. ஒவ்வொரு நாளும் போயாவை வடக்கே இழுக்க வச்சது யாரு? அண்ணனா, நீங்களா?"

அப்போதுதான் லாரன்ஸ் வாயைத் திறந்தார். "எங்களுக்கும் சம்சயம் உண்டு சாறே. டாக்டருக்க தம்பி மவனும் நீந்துகான். அவன் குளத்துல படிச்சவன், தூரம் குறைஞ்சா அவனுக்காக்கும் நல்லது. அவனுக்கு வேண்டித்தான் சாறு போயாவை இழுக்க வைக்காருன்னு நினைச்சோம். அதுகொண்டு வாய் மிண்டாம இருந்து எண்ணிப் பாத்தோம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. முப்பது வருட சர்வீஸில் என்னைப் பார்த்து ஒருவன் அப்படிச் சொன்னதில்லை. கோபத்தில் செயினை எடுத்தேன். "வாங்க எல்லாரும். உங்க கண் முன்னாலேயே அளக்கேன்."

குருசடியிலிருந்து தெற்கே செயின் பிடித்துப் போனேன். நூறு, இருநூறு, ஐந்நூறு, அறுநூறு. அறுநூற்று ஐம்பதைத் தாண்டியதும் கால் நனைந்தது. இன்னும் இரண்டு அடி வைத்தேன், முட்டளவு தண்ணீர். முன்னால் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் குற்றி அடித்த இடம் ஐம்பது மீட்டருக்கு அப்பால், ஆற்றின் நடுவில் எங்கேயோ இருந்தது.

குற்றியை ஒருவரும் பிடுங்கவில்லை. அது நின்ற மணலே போய்விட்டது. தினமும் விளிம்பு வடக்கே வந்தது, விளிம்பிலிருந்து பத்துத் தப்படி எண்ணி நானும் வடக்கே வந்தேன். இழுத்து நிறுத்திய போயா ஒவ்வொரு காலையும் விட்ட இடத்தில்தான் இருந்தது.

"பொழி நடக்கும் சாறே" என்றார் லாரன்ஸ். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. "ஆத்துல தண்ணி குறையும்ப இது அஞ்சயும் இஞ்சயும் நடந்துட்டேயிருக்கும். இஞ்ச உள்ள எல்லாருக்கும் தெரியும். எஞ்ச நின்னு பாக்கேன்னு சாறு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் அப்பவே சொல்லியிருப்பேன்."

தண்ணீரில் நின்றபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. வயதான ஆள், செயினைக் கையில் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால்.

5. மைக்கில் சொன்னது

டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "சாறே, இதை மெல்ல முடிச்சிடலாம். பட்டியல் அச்சுக்குப் போயாச்சு. இனி அந்தப் பிள்ளையைச் சேர்த்தா ஆட்கள் என்ன நினைப்பாங்க?"

"என்னைப் பற்றி நினைக்கட்டும்" என்றேன். "அவ நீந்தலேன்னா நான் தூரத்துக்குச் சான்று எழுதித் தர மாட்டேன்."

சான்று இல்லையென்றால் அணித் தேர்வுக்கு ஒருவரையும் அனுப்ப முடியாது. அதில் அவருடைய தம்பி மகனும் அடக்கம். டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டுச் சிவப்பு மைக்கு மேலே நீல மையால் பெயரை எழுதினார்.

சனிக்கிழமை தூரத்தைச் சரி செய்தோம். பழைய இடத்துக்குப் பொழிப் போயாவைக் கொண்டுபோனால் இப்போது அது இழுப்பில் மாட்டும் என்றார் லாரன்ஸ். அவர் யோசனைப்படி அதை அங்கேயே விட்டுவிட்டு, மறுமுனையில் குருசடிப் போயாவை ஐம்பத்தைந்து மீட்டர் வடக்கே தள்ளினோம். குருசடியிலிருந்து அளந்து, எங்கே நின்று பார்க்கிறேன் என்று கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டுச் சொன்னேன்.

ஞாயிறு காலை, நீந்துகிறவர்கள் வரிசையில் நிற்கும்போது மைக்கை வாங்கினேன். போயாவை நகர்த்தியது லாரன்ஸ் இல்லை, நான்தான் என்றும், அவர் மேலும் அவர் தங்கை மேலும் பொய்ப் பழி சுமத்திக் கடிதம் எழுதியதும் நான்தான் என்றும் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், வேறு சிலர் சேர்ந்துகொண்டார்கள். படகில் நின்ற லாரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. துடுப்பைத் தூக்கிக் காட்டினார், அவ்வளவுதான்.

ஸ்டெல்லா பெண்களில் இரண்டாவதாக வந்தாள். கரையேறி மணலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளிடம் நானே ஓடிப்போய்த் துவர்த்துத் துண்டைக் கொடுத்தேன். வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

"போறதுக்கு நானூற்றி பன்னண்டு, வாறதுக்கு நானூற்றி எட்டு" என்றாள். "இன்னைக்கு அளவு சரியாக்கும், சாறே."

எனக்கு நம்ப முடியவில்லை. "எம்மா, பந்தயத்துக்கு இடையிலயுமா எண்ணினே?"

"பின்னே? நீங்க அளந்ததுல்லா."

அதன் பிறகு பணி ஓய்வு வரைக்கும், எந்த விளையில் இறங்கினாலும் முதலில் என் கால் நிற்கும் இடத்தை அசையாத இரண்டு கல்லிலிருந்து அளந்து பார்த்துக்கொண்டேன். பிறகு அந்தக் குறியைக் கக்ஷிக்காரர்கள் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு வாய்விட்டுச் சொன்னேன். ஊர்க்காரர் ஒருவர் மறுத்துப் பேசினால், காம்பஸைக் கீழே வைத்துவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேட்டேன்.