கருவாட்டுக் கூடைக்கு ஒரு கை கடலை

காசிமேட்டில் ஷேர் ஆட்டோ ஏறும் அந்தக் கருவாட்டுக்கார அம்மாவுக்கு நெற்றி நிறையப் பொட்டு, வாய் நிறைய வெற்றிலை. பக்கத்தில் இருப்பவர் மூக்கைப் பொத்துமுன் அவர் கையில் வறுத்த வேர்க்கடலையைக் கொட்டிவிடுவார். கூடைக்கு ஒரு கை.

ஒருநாள் இரண்டு கூடையோடு வந்தார். பக்கத்தில் இருந்த எனக்கு மூன்று கை கடலை கிடைத்தது.

"ரெண்டு கைதானேக்கா கணக்கு?" என்றேன்.

"மொதக் கூடைய எவனும் தாங்கிப்பான் நைனா. ரெண்டாவதுதான் பேஜாரு. அத்துக்கு மேல ஒரு கை போட்டாதான் நீ மூஞ்சி சுளிக்காம வருவ."

சுளிக்காமல்தான் போனேன்.

நேற்று கூடையே இல்லாமல் ஏறினார். பழக்கத்தில் கையை நீட்டிவிட்டேன்.

"நாத்தமே இல்லியே, கடலை இன்னாத்துக்கு?"

ஆட்டோவே சிரித்தது. கருவாட்டு வாசனை இல்லாத அந்தப் பயணம் எனக்கு ஏனோ சப்பென்று இருந்தது.

"நாளைக்கு ரெண்டு கூடையா கொண்டாக்கா" என்றேன்.