புடலைப் பந்தலடியில் இரண்டு நாய்கள்

திருவானைக்காவலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில், வீட்டைவிடக் கொல்லை பெரிது. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. பின்கதவைத் திறந்தால் கிணறு, துவைகல், இரண்டு தென்னை, அதற்குப் பிறகு மதில் வரைக்கும் வெறும் மண். அந்த மண்ணைப் பார்த்துத்தான் நான் அந்த வீட்டுக்குச் சம்மதித்தேன். என் கணவருக்கு ரயில்வேயில் வேலை. காலையில் சைக்கிளில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார். அவர் தெருமுனை திரும்பியதும் கொல்லை என்னுடையது.

எனக்கு எதுவும் நேராக இருக்க வேண்டும். கயிறு பிடித்துத்தான் பாத்தி கட்டினேன். கீரைக்கு ஒன்று, கத்தரிக்கு ஒன்று, வெண்டைக்கு ஒன்று. நடுவே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கும் அளவுக்கு வழி. குளிக்கிற தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். மதிலோரம் மூங்கில் நட்டுப் புடலைக்குப் பந்தல். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "ஏண்டீம்மா, இது தோட்டமா, கோடு போட்ட நோட்டா?" என்று கேட்டார். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒழுங்கு ஒரு மழை நாளில் முடிவுக்கு வந்தது. சாயங்காலம் கணவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை என்னிடம் நீட்டினார். பை நெளிந்தது. உள்ளே தூக்குச்சட்டிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு நாய்க்குட்டிகள். ஒன்று செவலை, ஒன்று கறுப்பு.

"பாலத்துக்கிட்ட நனைஞ்சுகிட்டு நின்னுச்சும்மா. தாயைக் காணோம்."

"அதுக்கு?"

"மழை நிக்கிற வரைக்கும்தான்."

மழை அன்றைக்கே நின்றுவிட்டது. குட்டிகள் தங்கிவிட்டன. என்ன பெயர் வைப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் இரண்டும் வரப்போவதில்லை என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டதால், செவலை, கறுப்பி என்று நிறத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

நான் வேலை செய்யும்போது இரண்டும் பாத்தி விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கவனமாகப் பார்க்கும். பார்க்கிற அழகில் ஏதோ கற்றுக்கொள்கின்றன என்று நினைப்பேன். நான் கத்தரி நாற்றை நட்டு, மண்ணை அணைத்து, தண்ணீர் விட்டுவிட்டு அடுத்த பாத்திக்குத் திரும்பினால், பின்னாலிருந்து ஈரமான மூக்கு ஒன்று என் காலில் படும். கறுப்பி. வாயில் நான் இப்போதுதான் நட்ட நாற்று. நான் தவறவிட்ட பொருளைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதுபோல என் காலடியில் வைத்துவிட்டு வாலை ஆட்டும். நான் மறுபடி நடுவேன். அது மறுபடி கொண்டுவரும். எத்தனை முறை தொலைத்தாலும் அதற்கு என்மேல் சலிப்பே வரவில்லை.

செவலைக்குக் கீரைப் பாத்திதான் மெத்தை. தண்ணீர் விட்டதும் அந்தக் குளிர்ச்சிக்கு நாலு காலையும் பரப்பிப் படுத்துக்கொள்ளும். எழுந்து போன பிறகு முளைக்கீரையின் நடுவே ஒரு நாயின் உருவம் அப்படியே பதிந்து கிடக்கும், காதுகூடத் தெரியும். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றினால், செடிக்கு முன்னால் இவை குடித்துவிடும். துவைத்துக் காயப்போட்ட வேட்டியில் மண் பாதங்கள் ஏறும். கணவர் கிணற்றடியில் நின்று சிரிப்பார்.

"விளையாட்டுப் பிள்ளைங்கம்மா."

"பிள்ளைங்களா? அப்போ ஸ்லேட்டு, பலப்பம் வாங்கிக் கொடுங்க, ஸ்கூல்ல சேர்த்து விட்டுட்டு வரேன். பகல்லயாவது நிம்மதியா இருப்பேன்."

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் புடலங்காய்.

என் புடலை சந்தையில் கிடைக்கிற குட்டை ஜாதி இல்லை. பச்சை உடம்பில் வெள்ளைக் கோடு ஓடும், ஆள் உயரத்துக்கு நீளும். என் அம்மா வீட்டிலிருந்து கல்யாணத்தின்போது நான் கொண்டுவந்த விதை. அங்கே இப்போது கொல்லையை அடைத்து அறை கட்டிவிட்டார்கள். என் தங்கை இருப்பதோ மதுரையில் மாடி வீடு. ஆக, அந்த ஜாதி இருந்த ஒரே இடம் என் பந்தல்தான். ஆடியில் கையிலிருந்த விதை முழுவதையும் போட்டேன். பழைய விதை, அதனால் மூன்றே மூன்று கொடிதான் கிளம்பியது. ஆனாலும் நன்றாகவே காய்த்தது.

புடலங்காய் பிஞ்சாக இருக்கும்போது அதன் நுனியில் நூலால் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுவோம். இல்லையென்றால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும். கல்லின் கனத்தில் நேராக இறங்கும். நேராக இறங்குகிற காயைப் பார்ப்பதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. எல்லாக் கல்லையும் ஒரே அளவில் பொறுக்கிக் கட்டியிருந்தேன்.

நாய்களின் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்திருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. முதலில் செவலை பின்னங்காலில் நின்று ஒரு கல்லை மூக்கால் தள்ளியது. கல் போய்த் திரும்பி வந்து மூக்கிலேயே இடித்தது. செவலை குரைத்தது. மறுபடி தள்ளியது. மறுபடி இடித்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த கறுப்பி பேச்சே இல்லாமல் நாலடி பின்னால் போய், ஓடி வந்து, எம்பி, கல்லைக் கவ்விக்கொண்டு தொங்கியது. பந்தலே ஒரு தடவை குலுங்கியது. 'டக்'கென்று காய் அறுந்தது. கறுப்பி கல்லோடு முன்னே ஓட, பின்னால் காய் இழுபட, காயின் மறுமுனையைச் செவலை பிடித்துக்கொள்ள, கொல்லையைச் சுற்றி ஒரு ஊர்வலம் நடந்தது. நான் விளக்குமாற்றோடு துரத்தினேன். வெண்டையைச் சுற்றி ஒரு சுற்று, கிணற்றைச் சுற்றி ஒரு சுற்று. வாழை வாய்க்காலில் கால் வழுக்கி உட்கார்ந்தேன்.

மதிலுக்கு மேலிருந்து மாமியின் குரல் வந்தது. "எழுந்துக்காதேடீம்மா, அப்படியே இரு. இன்னொரு தடவை ஓடி வரதுகள், பிடிச்சுடலாம்!"

பிடிக்க முடியவில்லை. பிறகு கல்லை உயர்த்திக் கட்டினேன், அவையும் உயரக் குதித்தன. எங்களுக்குச் சமையலுக்கு வந்தது பாதி, நாய்கள் ஊர்வலம் விட்டது பாதி. புரட்டாசி முடியும்போது கொடி ஓய்ந்து, பந்தலில் ஒரே ஒரு காய் மிஞ்சியது. அதை விதைக்காக விட்டேன். முற்றிப் பழுத்தால்தான் விதை தேறும்.

கணவரைக் கூப்பிட்டு அந்தக் காயைக் காட்டினேன்.

"இதுதாங்க கடைசி. இது போச்சுன்னா இந்த ஜாதியே போச்சு. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா ரெண்டும் உங்க தம்பி வண்டியில ஏறிடும். நான் சொல்லிட்டேன்."

அவருடைய தம்பிக்கு முக்கொம்புப் பக்கத்தில் வாழைத் தோட்டம். நாய் இருந்தால் தேவலை என்று முன்பே கேட்டிருந்தார்.

"ஆகட்டும்" என்றார் கணவர். அதற்குப் பிறகு அவர் அந்தக் காய்க்குச் செய்த காவலைப் போல எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடச் செய்யவில்லை. கல்லை அவிழ்த்தார். காயை ஒரு பழைய துண்டில் சுற்றினார். கீழே முள் கொண்டுவந்து அடைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பந்தலடியில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாய்களும் அவர் காலுக்கு இரண்டு பக்கமும் தூங்கின. காய் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவக்கத் தொடங்கியது. இன்னும் ஒரு நாள் போகட்டும், அறுத்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஐப்பசி மழை அன்றைக்கு விடிய விடியப் பெய்தது. காலையில் பின்கதவைத் திறந்தவர், "ஐயோ, ரத்தம்!" என்று கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தேன். செவலைக்கும் கறுப்பிக்கும் வாயெல்லாம், மார்பெல்லாம் சிவப்பு. அவர் கறுப்பியின் வாயைப் பிளந்து காயம் தேடிக்கொண்டிருந்தார். அது அவர் கையை நக்கியது. கையிலும் சிவப்பு. நான் பந்தலைப் பார்த்தேன். பழம் மழையில் நனைந்து தானாக வெடித்து, துண்டைக் கிழித்துக்கொண்டு, முள்ளுக்கு இந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. முற்றிய புடலைக்குள் விதையைச் சுற்றி இருக்கும் செக்கச் சிவந்த சதையை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. தோல் ஒரு முழம் மிச்சம் இருந்தது. மண்ணை விரலால் கிளறித் தேடினேன். ஒரு விதை இல்லை.

நான் திட்டவில்லை. அவரும் எதுவும் வாதாடவில்லை. "தம்பிக்குக் கார்டு போட்டுடறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கிணற்றில் தண்ணீர் இறைத்து இரண்டின் வாயையும் கழுவிவிட்டார். அவர் வாதாடியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சந்தையில் வாழைத்தார் இறக்கிவிட்டு வண்டியை எங்கள் கொல்லைச் சந்துக்கு ஓட்டி வந்தார் கொழுந்தனார். வண்டியில் வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்திருந்தார். கையில் நல்ல மொத்தமான கயிறு. கழுத்தில் கயிற்றைக் கட்டும்போது நாய்கள் காளைகளைப் பார்த்துக் குரைத்தன. கணவர் குந்தி உட்கார்ந்து செவலையின் காதைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சியைப் பார்க்கப் பிடிக்காமல் நான் துவைகல் பக்கம் பெருக்கப் போனேன்.

தென்னையடியில் விளக்குமாறு நின்றது. மண்ணைத் தள்ளிக்கொண்டு ஒரு முளை. இரண்டு தடித்த இலை. ஓர் இலையின் நுனியில் விதையின் ஓடு இன்னும் தொப்பி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. விளிம்பு அலை அலையாக இருக்கும் அந்த ஓட்டை நான் எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

"என்னங்க! இங்க வாங்க!"

அவர் வரும்போதே மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு வந்தார். "இன்னும் என்ன பண்ணிடுச்சுங்க?"

முளையைக் காட்டினேன். துவைகல்லுக்குப் பின்னால் இன்னொன்று இருந்தது. அதையும் காட்டினேன்.

"இங்க எப்படிம்மா வந்துச்சு?"

"தினமும் காலையில நான் எதைக் கூட்டித் தள்றேன் இந்த இடத்துல?"

அவர் முளையைப் பார்த்தார். நாய்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அப்படியே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொழுந்தனாருக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும், "விதைக்கிறதுக்கு ஆள் போட்டிருக்கீங்களே அண்ணி, எருவும் அவங்களே போட்டுடறாங்க!" என்றார்.

"பேச்சு அப்புறம். கயித்தை அவிழ்த்து விடுங்க."

"ஏத்தற நேரத்துலயா?"

"இதுங்க காலையில எங்கெங்க போகுமோ, அங்கெல்லாம் இப்ப போகணும். கொல்லையில ரெண்டுதான் இருக்கு. மிச்சம் எங்க இருக்குன்னு இதுங்களுக்குத்தான் தெரியும்."

வீட்டில் எல்லோரும் தங்களோடு கிளம்புவதைக் கண்டு நாய்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு முன்னே ஓடின. பின்னால் கரண்டியோடு நான், ஈர மண் நிரப்பிய கொட்டாங்கச்சிகளைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கணவர், தலைப்பாகையோடு கொழுந்தனார். சீர் கொண்டுபோவது போல இருந்திருக்கும். காலி மனையில் எருக்கஞ்செடிக்குக் கீழே ஒன்று கிடைத்தது. ரைஸ் மில் சுவரோரம் ஒன்று. குழாயடியில் குடத்தோடு நின்ற ஒருவர், "ஏம்மா, நகை கிகை தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டார்.

"விதை தொலைஞ்சு போச்சுங்க" என்றார் கொழுந்தனார். அவரும் குடத்தை வைத்துவிட்டுக் குனிந்து தேடத் தொடங்கினார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். எதைத் தேடுகிறோம் என்று அவர்கள் யாரும் கேட்கவில்லை. விளக்குக் கம்பத்தடியில் வழக்கம்போல நின்ற செவலை, இத்தனை பேர் சுற்றி நின்று உற்றுப் பார்ப்பதைக் கண்டு கூச்சப்பட்டு, வந்த காரியத்தைச் செய்யாமலே நகர்ந்துவிட்டது.

கடைசியாகக் கறுப்பி தெருப்பக்கத்து வேலி இடுக்கில் நுழைந்து மாமியின் தோட்டத்துக்குள் போனது. நாங்கள் வாசல் வழியாகப் போனோம். பவழமல்லிக்குக் கீழே நல்ல புஷ்டியான முளை ஒன்று. சுற்றிக் கூழாங்கல் அடுக்கி, ஒரு சின்னக் கோலமும் போட்டிருந்தார் மாமி.

"தொடாதே!" என்றார் மாமி. "அது எங்காத்துது. நான் போடவே இல்லை, தானா வந்திருக்கு. அம்பாள் குடுத்தது."

கணவர் தாம்பாளத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்குவது தெரிந்தது.

"சரி மாமி, உங்களுதுதான்" என்றேன். "ஆனா முத்தின காய் ஒண்ணு விதைக்கு விடணும். விட்டு எனக்கும் கொஞ்சம் தரணும்."

"தராம? அதுக்கென்னடீம்மா, இத்தனை பேரா வந்து கேக்கணும்?"

வீட்டுக்கு வந்து கொட்டாங்கச்சிகளை நிழலில் வரிசையாக வைத்தேன். இரண்டை எடுத்துக் கொழுந்தனாரிடம் கொடுத்தேன். இனிமேல் அந்த ஜாதி ஒரே பந்தலில் இருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அவர் சாக்கை மடித்து, வைக்கோலில் குழி செய்து இரண்டையும் பத்திரமாக உட்காரவைத்தார். பிறகு கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார்.

"கயித்தை இங்கயே வச்சுட்டுப் போங்க" என்றேன். "இந்தத் தடவை பந்தலைப் பெருசாக் கட்டணும்."

கணவர் காப்பி போடுகிறேன் என்று உள்ளே ஓடினார். அவருக்குக் காப்பி போடத் தெரியாது. நான் அவர் பின்னால் போவதற்குள், கொட்டாங்கச்சி வரிசையில் இரண்டாவதைச் செவலை வாயில் கவ்விக்கொண்டு கிணற்றைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதன் பின்னால் கறுப்பி, கறுப்பி பின்னால் நான், எனக்குப் பின்னால் கொழுந்தனார், "விடுங்க அண்ணி, நட்டுட்டு வந்துரும், வேலைக்காரன்!" என்று கத்திக்கொண்டு.