கழுகுமலை, கரிவலம், புளியங்குடி

பல்கலைக்கழகப் பெண்கள் பேஸ்பால் அணிக்கு என்னைத் தேர்வு செய்தபோது அந்த ஆட்டத்தை நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை. கல்லூரியில் கபடி ஆடிக்கொண்டிருந்தேன். அணியின் கேட்சர் படிப்பு முடிந்து போய்விட்டாள். நெடுநேரம் குத்துக்காலிட்டு உட்காரத் தெரிந்த, பந்துக்குப் பயப்படாத ஒரு பெண் வேண்டும் என்று பயிற்சியாளர் கல்லூரி கல்லூரியாகத் தேடிக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். ஒரு பந்தை முகத்துக்கு நேரே எறிந்தார். பிடித்துவிட்டேன். அவ்வளவுதான் தேர்வு.

அடுத்த வாரம் பல்கலைக்கழக மைதானத்தில் பயிற்சி முகாம். முதல் நாள் காலையில் நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிக்காரி ஒருத்தி அப்போதைக்குக் கேட்சர் இடத்தில் இருந்தாள். பந்தைப் பொறுக்கிய பெண்ணைப் பார்த்து அவள் திடீரென்று, "கரிவலம்! கரிவலம்!" என்று கத்தினாள். பொறுக்கிய பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவது பேஸுக்குப் பந்தை எறிந்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரிவலம்வந்தநல்லூர் எங்கள் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்து ஊர். என் சித்தி வாக்கப்பட்ட ஊர். அந்த ஊருக்கு இந்த மைதானத்தில் என்ன வேலை?

பேஸ்பாலில் பந்தை அடித்தவள் மூன்று பேஸ்களையும் வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடி வந்தால் ஒரு ரன். மைதானம் முழுவதையும் எதிரே பார்த்தபடி இருப்பவள் கேட்சர் மட்டும்தான். அதனால் பந்தை எந்த பேஸுக்கு எறிய வேண்டும் என்று அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். மற்ற அணிகளில் ஒன், டூ, த்ரீ என்று கத்துவார்கள். எங்கள் அணியில் முதல் பேஸ் கழுகுமலை, இரண்டாவது கரிவலம், மூன்றாவது புளியங்குடி. புறப்படும் இடத்துக்குப் பெயர் கோயில், அதாவது சங்கரன்கோவில். எல்லாமே எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் தினமும் காதில் விழும் பெயர்கள்.

"இத யாரு வச்சா?" என்று தூத்துக்குடிக்காரியைக் கேட்டேன். "தெரியாது. சீனியர்ஸ் சொன்னாங்க, நாங்களும் சொல்லுதோம்" என்றாள். கழுகுமலை எங்கே இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அது ஏதோ பழைய ஆட்டக்காரியின் பெயர் என்று நினைத்திருந்தாள். பயிற்சியாளரைக் கேட்டேன். "நான் வேலைக்கு வந்தப்பவே இப்படித்தான் கத்திக்கிட்டு இருந்தாங்க" என்றார். பஸ் கண்டக்டர் மகள் ஒருத்தி அணியில் இருந்தாளாம், அவள் வைத்ததாம் என்றது ஒரு கதை. தோற்ற கோபத்தில் யாரோ ஊருக்குப் போகிறேன் என்று அழுததில் வந்தது என்றது இன்னொன்று. மூன்று வருடம் நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

இப்போது சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருக்கிறேன். போன ஆவணியில் ஒரு சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகளுக்கு பேஸ்பால் பழக்கிக்கொண்டிருந்தேன். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி விழித்தாள். நான் பழக்கதோஷத்தில், "கரிவலம்! ஏட்டி, கரிவலம்!" என்று கத்திவிட்டேன்.

மைதானத்தை ஒட்டிய ரோட்டில் போன ஸ்கூட்டர் ஒன்று சட்டென்று நின்றது. முன்னால் நூல் மூட்டை வைத்திருந்த அம்மா ஒருவர் இறங்கி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டைத் திறந்து நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், இப்ப என்னமோ கத்துனீங்கள்லா, அது என்ன?"

"பேஸ்பால்னு ஒரு விளையாட்டுக்கா. அதுல..."

"பேஸ்பால் எனக்குத் தெரியும். கரிவலம்னு உங்களுக்கு யாரு சொல்லித் தந்தா?"

பல்கலைக்கழக அணியில் ஆடியதையும், அங்கே எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள் என்பதையும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். ஐம்பது வயதைத் தொட்ட முகம்.

"இன்னுமா கத்துதாங்க?"

"ஆமாக்கா. இப்ப ஆடுற பிள்ளைகளும்தான்."

"அது நான் வச்சதுல்லா" என்று சொல்லிவிட்டு அங்கிருந்த சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் எங்கள் அணியின் முதல் கேட்சர். வீட்டில் விசைத்தறி ஓடும் குடும்பம். "மெதுவாப் பேசுனா எங்க வீட்டுல யாருக்கும் கேக்காது டீச்சர். தறிச் சத்தத்துக்கு மேல கத்துனாத்தான் ஒரு வாய் தண்ணி கிடைக்கும். அந்தத் தொண்டையப் பாத்துத்தான் என்னயக் கேட்சராப் போட்டாங்க" என்றார்.

பல்கலைக்கழகங்களுக்கு இடையே பெண்கள் பேஸ்பால் போட்டி நடக்கப்போகிறது என்று தெரிந்ததும், கோகோவிலும் ஹேண்ட்பாலிலும் இடம் கிடைக்காதவர்களைச் சேர்த்து அவசரமாக ஓர் அணி உண்டாக்கினார்களாம். பல்கலைக்கழக மைதானத்தில் வேறு ஏதோ வேலை நடந்ததால் முகாமைச் சங்கரன்கோவிலில் போட்டார்கள். சுண்ணாம்பில் கோடு கிழித்து, சாக்குத் துண்டுகளை பேஸாகப் போட்டுப் பழகினார்கள். விதிகள் பாதிதான் தெரியும். முதல் போட்டியில் முதல் பந்தையே இவர் பலமாக அடித்துவிட்டு, கிரிக்கெட் மாதிரி, ரன் வேண்டாம் என்று அப்படியே நின்றிருக்கிறார்.

"ஓடு ஓடுன்னு எல்லாரும் கத்துதாங்க. நான் கைய ஆட்டி, வேண்டாம், அடுத்த பந்துல பாப்போம்ங்கேன். பேஸ்பால்ல அடிச்சா ஓடித்தான் ஆவணும்னு யாருக்குத் தெரியும்? அவுட்டுன்னுட்டான்."

என் பிள்ளைகள் எல்லாரும் ஆட்டத்தை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் கரிவலம் பேச்சுக்கு வந்தேன்.

"அடுத்த வருசம் ஒரு கேரளா டீமோட ஆடுதோம். ஒன், டூன்னு கத்துனா ஓடுதவளுக்கும் தெரிஞ்சிரும், பாதியில நின்னு திரும்பிப் போயிருவா. சரி, தமிழ்ல கத்துவோம்னு ஒண்ணு, ரெண்டுன்னு கத்துனோம். மலையாளத்துலயும் ஒண்ணுன்னா ஒண்ணுதான டீச்சர்! அந்தப் பிள்ளைக சிரிக்கிதாங்க. எனக்கு வந்த கோவத்துல, ரெண்டாவது பேஸுக்கு ஒருத்தி ஓடும்போது கரிவலம்னு கத்திட்டேன்."

"ஏன் கரிவலம்?"

"நாங்க இங்கன பழகும்போது நான் உக்காந்த இடத்துலருந்து நேரா பாத்தா கரிவலம் போற ரோடு. வலது கைப்பக்கம் கழுகுமலை, இடது கைப்பக்கம் புளியங்குடி. அந்த நேரத்துக்கு வாயில அதுதான் வந்துச்சி."

பந்து எறிந்தவள் சங்கரன்கோவில் பெண். உடனே புரிந்துகொண்டு திரும்பி இரண்டாவது பேஸுக்கு எறிந்தாள். ஆனால் அங்கே நின்றவள் நாகர்கோவில் பெண். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம். பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. ஆட்டமும் போய்விட்டது. திரும்பி வரும் ரயிலில் பெட்டியின் நடைபாதையில் ஆளுக்கோர் இடத்தில் நின்றுகொண்டு, ஊர்ப்பெயர்களைச் சொல்லிச் சொல்லி ஒரு ஆரஞ்சுப் பழத்தை எறிந்து எல்லாரும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.

"அந்த வருசத்தோட எங்களுக்குப் படிப்பு முடிஞ்சிட்டு. டீம்ல மிஞ்சுனதே நாலஞ்சு பேரு. நான் கல்யாணம், தறின்னு இருந்துட்டேன். எங்களோட அது முடிஞ்சி போச்சின்னுதான் இத்தன நாளா நெனச்சிருந்தேன்" என்றார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீங்க எப்பவாவது அந்தக் கேரளா டீம ஜெயிச்சீங்களா?"

கேட்டுக்கொண்டிருந்த என்னைச் சொல்ல வைத்துவிட்டார். என் கடைசி வருடத்தில் ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தோம். கடைசி அவுட் இரண்டாவது பேஸில். நான் கத்தினேன், பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது. இதைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னன்னு கத்துனீங்க?"

"கரிவலம்னுதான்க்கா."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க. முதல்லருந்து சொல்லுங்க."

முதலிலிருந்து சொன்னேன். எந்தப் பக்கம் பந்து உருண்டது, ஓடியவள் சறுக்கினாளா, நடுவர் உடனே கையைத் தூக்கினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு போனை எடுத்து, "அவகிட்ட சொல்லணும்லா" என்று நாகர்கோவில் தோழியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். நடந்ததை மூச்சு விடாமல் சொன்னார். மறுமுனையில் ஒரு குரல் வெடித்தது.

"எட்டி, நான் பந்த விட்டேன்னா சொன்ன? எனக்குக் கரிவலம் அப்பவே வெளங்கிச்சு. பந்துதான் என் தலைக்கு மேல போச்சு!"

"பொய் சொல்லாத. நீ பெறத்தால திரும்பிப் பாத்துக்கிட்டு நின்ன."

"நின்னவ நான், எனக்குத் தெரியாதா? அதுமட்டுமில்ல, நீ மொதமொத கத்துனதே புளியங்குடின்னுதான். கரிவலம் அடுத்த மேட்ச்."

என் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். இருவரும் விடுவதாக இல்லை.

போன மாதம் நானும் அக்காவும் நாகர்கோவில் போனோம். அந்தத் தோழி பலகாரமெல்லாம் வைத்துவிட்டு, எங்களை நேராகக் கொல்லைக்குக் கூட்டிப் போனார். தேங்காய் மட்டைகளை பேஸாகப் போட்டு, தான் நின்ற இடத்தில் நின்று, பந்து போன உயரத்தைக் கையைத் தூக்கிக் காட்டினார். அக்கா அதை ஒப்புக்கொள்ளவில்லை. பேஸ்பாலை முதன்முதலில் நம் பல்கலைக்கழகத்துக்கு யார் கொண்டுவந்தது என்று நான் கேட்டதற்கு இரண்டு பேரும் இரண்டு ஆளைச் சொன்னார்கள், அதிலும் ஒரு சண்டை. சாப்பிட்ட பிறகும் அது ஓயவில்லை. நான் கொல்லைக்குப் போய், தோழி காட்டிய இடத்தில் நின்று கையை மேலே நீட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன உயரத்தில் பந்து வந்திருந்தால் என்னாலும் அதைப் பிடித்திருக்க முடியாது.