கடலுக்கு அஞ்சு நிமிஷம்

1. ஐஸ் ஃபேக்டரி வாசலில்

சதுரங்கப்பட்டினத்தில் ஓர் ஐஸ் ஃபேக்டரி வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடல் காற்றில் மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. கையிலிருந்த ஃபைலோ அந்தக் கட்டடம் கடலிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருப்பதாகச் சொன்னது. அதைச் சரி என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான்.

அப்போது செங்கல்பட்டில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளையில் அண்டர்ரைட்டராக இருந்தேன். வரும் விண்ணப்பத்தைப் பார்த்து, இந்த ரிஸ்க்கை எடுக்கலாமா, என்ன பிரீமியத்துக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்யும் வேலை. இன்று இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உடன் வந்த ஏஜென்ட் ஜமால் பாயைக் கேட்டேன்.

"என்ன பாய், அஞ்சு கிலோமீட்டர்னு போட்டிருக்கீங்க?"

"நா எங்க மேடம் கிலோமீட்டர்னு போட்டேன்? கடலு எவ்ளோ தூரம்னு ஃபாரத்துல கீது. அஞ்சு நிமிசம். அஞ்சுன்னு போட்டேன். இதுல இன்னா தப்பு?"

ஃபேக்டரி முதலாளி கன்னியப்பன் சிரித்தார். "இன்னா பாய், கதை வுடுற? மீன் கூடைய தூக்கிகினு நடந்தாதான் அஞ்சு நிமிசம். வெறுங்கையோட போனா ரெண்டே நிமிசம்!"

எங்கள் பக்கத்தில் யாரும் தூரத்தைத் தூரமாகச் சொல்வதில்லை. கேளம்பாக்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டால், ஷேர் ஆட்டோவில் எத்தனை நிமிடம் என்றுதான் பதில் வரும். நானும் அப்படிச் சொல்கிறவள்தான். வெறும் அஞ்சைக் கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்ட எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

2. எழுதிக் குடுங்க சார்

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பவை எங்கள் கணினியில் கடலோரப் பட்டியலில் சேரும். அதைப் பார்த்துத் தலைமை அலுவலகம் இரண்டு முடிவுகளை எடுக்கும். ஒன்று, எங்கள் ரிஸ்க்கில் எவ்வளவை மறுகாப்பீட்டுக்குக் கொடுப்பது என்பது. மறுகாப்பீடு என்பது எங்களுக்கே நாங்கள் எடுத்துக்கொள்ளும் காப்பீடு. இன்னொன்று, பிரீமியமாக வந்த பணத்தில் எவ்வளவை நீண்ட காலக் கடன் பத்திரங்களில் போடுவது, எவ்வளவைக் கையில் வைப்பது என்பது.

பட்டியலில் கடலோரக் கடைகள் குறைவாக இருந்ததால் மறுகாப்பீடும் கொஞ்சம்தான், கையிருப்பும் கொஞ்சம்தான். ஒரு புயல் வந்து எல்லோரும் ஒரே வாரத்தில் க்ளெய்ம் கேட்டால் தலைமை அலுவலகம் திணறிப்போகும். அந்த நேரத்தில் க்ளெய்ம் பிரிவு, "ஃபாரத்தில் தூரம் தவறு" என்று சொல்லிக் கன்னியப்பனின் கோப்பை மூடிவிடலாம். தப்பு எங்களுடையது, தெருவில் நிற்பது அவர்.

ஆபீசுக்கு வந்து ஜமால் பாயின் ஃபைல்கள் எல்லாவற்றையும் இறக்கினேன். மாமல்லபுரம் லாட்ஜ், எட்டு. சிப்பிக் கடை, மூன்று. அத்தனையும் நிமிடக் கணக்கு. அந்த வருஷத்து மறுகாப்பீட்டுப் பட்டியலை முடிக்க நான்கு நாள்தான் இருந்தது.

கிளை மேலாளர் கதவைச் சாத்தினார். "மேடம், மூணு வருஷமா நீங்க கையெழுத்துப் போட்டது. நீங்களே தப்புன்னு சொல்லப் போறீங்களா? ப்ரமோஷன் லிஸ்ட் வர்ற நேரம். ரினியூவல்ல ஒண்ணொண்ணா சத்தமில்லாம மாத்திக்கலாம்."

"அதுக்குள்ள புயல் வந்தா?"

"வராது மேடம்."

"அதை எழுதிக் குடுங்க சார்."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. நான் ஒன்றும் தைரியசாலி இல்லை. அவரைவிடப் புயலுக்கு அதிகம் பயந்தேன், அவ்வளவுதான். ஜமால் பாயும் நானும் கடை கடையாகப் போய் ஃபோனில் தூரத்தை அளந்தோம். கடலோரம் என்பதால் கூடுதல் பிரீமியம் கேட்டு ஜமால் பாய் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. திருத்திய பட்டியலை, தவறு என்னுடையது என்று எழுதி அனுப்பினேன். ப்ரமோஷன் வரவில்லை. அன்றைக்கு அழுதேன்.

3. கார்த்திகையில்

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. மூன்றாம் நாள் காலையில் கன்னியப்பனின் ஃபோன். "மேடம், இடுப்பளவு தண்ணி. மிசினு மொத்தமும் பூடுச்சு. துட்டு வருமா, வராதா?"

"வரும்" என்று சொல்லிவிட்டேன். பிறகுதான் தலைமை அலுவலகத்தின் மறுகாப்பீட்டுப் பிரிவைக் கூப்பிட்டேன்.

"அந்த ஏரியா முழுக்க கவர் இருக்கு மேடம். நீங்க அனுப்பின லிஸ்ட்தானே?" என்றார் அங்கிருந்தவர். "அதைப் பார்த்துதான் பணத்தையும் கையில வெச்சிருக்காங்க."

அப்படியே நாற்காலியில் சாய்ந்தேன். திடீரென்று பசித்தது. முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது. தூரத்தைக் காரணம் காட்டி ஒரு க்ளெய்ம்கூடத் திரும்பவில்லை. பொங்கலுக்கு முன்பே ஐஸ் ஃபேக்டரி ஓட ஆரம்பித்தது.

ஒரு நிறுவனம் ரிஸ்க்கையும் முதலீட்டையும் எவ்வளவு திறமையாக நிர்வகிக்கிறது என்று பெரிய அறைகளில் பேசுவார்கள். பேசட்டும். நீங்கள் ஃபாரத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது நிமிடமா கிலோமீட்டரா என்று கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் நேரில் போய்ப் பாருங்கள்.

ஃபேக்டரி திறந்த அன்று போயிருந்தேன். "இப்ப சொல்லுங்க, கடல் எவ்வளவு தூரம்?" என்று கன்னியப்பனைச் சீண்டினேன்.

அவர் சுவரில் இடுப்பு உயரத்தில் இருந்த தண்ணீர்க் கறையைக் காட்டினார். "அன்னிக்கு அதுவே வந்துச்சு மேடம். ஒரு நிமிசம்கூட ஆவல."